மோதிர விரலுக்குப் பிரிந்த கோடு

அலாரம் அடித்தது. அவர் அணைத்தார். அவள் முன்பே எழுந்திருந்தாள். அவர் பல் தேய்த்தார். அவள் டீ போட்டாள். அவர் ரொட்டியை வாட்டினார். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். இரண்டு டம்ளரையும் அவள் கழுவிக் கவிழ்த்தாள். பையை வலது தோளில் மாட்டினாள். வாசலில் செருப்பு போடும்போது, "பாத்ரூம் பல்பு போயிடுச்சு, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். அவர் தலையாட்டினார். கதவைப் பூட்டினார்.

"அதுதான் அவ கடைசியா சொன்னது" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "பல்பு வாங்கிட்டு வாங்க."

துப்பறிவாளர் ஜன்னலோரம் நின்றிருந்தார். அவருக்கு உட்கார்ந்து கேட்கும் பழக்கம் இல்லை. உட்கார்ந்தால் எதிராளி கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார், நிற்கும்போதுதான் விஷயத்தைச் சொல்கிறார் என்பது அந்த அம்மாவின் அனுபவம். அதனால் அவருடைய நாற்காலியில் உதவியாளன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. ஒருவரைப் பின்தொடர ஆரம்பித்தால் பிய்த்தெடுக்க முடியாது என்பதால் எல்லோருக்கும் அவன் கோந்து.

"வாங்கினீங்களா?" என்றார் துப்பறிவாளர்.

"எதை?"

"பல்பு."

"இல்ல."

"மூணு வாரமா இருட்டுலயா குளிக்கிறீங்க?" என்றான் கோந்து. துப்பறிவாளர் அவனைப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். அது நீடிக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு முப்பத்து மூன்று வயதிருக்கும். தாடையில் சவரக் கத்தி பட்ட கீறல். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்பவருடைய கண்ணாடியில் விரல் அழுக்கு படிந்திருந்தது. அவர் தன் போனை மேஜை மேல் நகர்த்தினார்.

"ஆஸ்பத்திரியில நானே எடுத்த படம். பாருங்க."

வெள்ளை விரிப்பின் மேல் ஒரு பெண்ணின் இடது கை, உள்ளங்கை மேலாக. அக்குளுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோடு ஆரம்பித்தது. பால்பாயிண்ட் பேனா. புஜத்தின் உட்புறம் இறங்கி, முழங்கை மடிப்பைத் தாண்டி, மணிக்கட்டின் ஓரமாக உள்ளங்கைக்குள் நுழைந்தது. அங்கே இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை சுண்டு விரலுக்கு. இன்னொன்று மோதிர விரலுக்கு.

"அந்த ஊசிக்காரி போட்ட கோடு" என்றார். "அக்குபங்சர். இது இதயத்தோட லைனாம். நான் படிச்சுப் பார்த்தேன். அதுல ஊசியைக் குத்தி இதயத்தை நிறுத்திட்டா. வெளியே வந்து எதிர்ப்பக்க பெஞ்சுல உட்கார்ந்தவதான். போன்ல சார்ஜ் இல்ல. இருந்திருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பா. நான் ஓடிப் போயிருப்பேன்."

"போலீஸ் என்ன சொல்லுது?"

"அந்தம்மாவே 'நான்தான் காரணம்'னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா எப்படின்னு சொல்லல. இன்னிக்கு நாலு மணிக்கு வைத்தியர்கள் பதிவுக் குழுவுல விசாரணை. நான் சாட்சி. நான் சொல்றதை வச்சுத்தான் அவங்க பதிவை ரத்து பண்ணுவாங்க, கேஸும் அதை வச்சுத்தான் நகரும். எந்த இடத்துல ஊசி போட்டா, எதுக்குப் போட்டான்னு எனக்கு நாலு மணிக்குள்ள தெரியணும்."

"உங்க மனைவி அங்கே எதுக்குப் போனாங்க?"

"மணிக்கட்டு வலி. பேக்கரியில கேக்கு மேல பூ போடுற வேலை. நாள் பூரா க்ரீம் பையைப் பிழியணும். வலது கை விட்டுப் போச்சு."

கோந்து படத்தைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"இது இடது கை. நம்ம வீட்டுல கரண்ட் போனா பக்கத்து வீட்டு ஃபியூஸை மாத்துற வைத்தியமா இருக்கே?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்" என்றார் கணவர்.

துப்பறிவாளர் போனை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, கணவருடைய விசிட்டிங் கார்டைக் கோந்திடம் நீட்டினார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மதியம் உங்க கடைக்கு வர்றேன்" என்றார்.

வைத்தியசாலையின் முன்பக்கக் கண்ணாடியை யாரோ கல்லால் அடித்திருந்தார்கள். உடைந்த இடத்தில் அட்டையை வைத்து டேப் ஒட்டியிருந்தது. உள்ளே மூன்று நாற்காலிகள், ஒரு தண்ணீர் ஜாடி. நாற்காலிக்குப் பக்கத்தில் ஆணியில் கட்டிய நூலில் ஒரு பேனா தொங்கியது. மூலையில் ஒரு ரப்பர் மனிதன் நின்றான். உச்சி முதல் பாதம் வரை கோடுகள், கோடுகளில் புள்ளிகள்.

"இத்தனை ரூட்டு இருக்கு" என்றான் கோந்து. "எனக்குக் காலையில எழுந்திருக்க ஒரு ரூட்டுகூட இல்ல பாஸ்."

வைத்தியர் உள்ளறையிலிருந்து வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. குள்ளம். கழுவிக் கழுவி வெளுத்த கைகள். வந்தவர்கள் யாரென்று கேட்டார். துப்பறிவாளர் சொன்னதும் தலையாட்டினார்.

"நான்தான் காரணம். வேற என்ன வேணும்?"

"பாஸ், மதியச் சாப்பாட்டுக்கே வீட்டுக்குப் போயிடலாம் போலிருக்கே" என்று முணுமுணுத்தான் கோந்து.

"எந்தப் புள்ளியில ஊசி போட்டீங்க?" என்றார் துப்பறிவாளர்.

வைத்தியர் தண்ணீர் ஜாடியை நகர்த்தி வைத்தார்.

"சரி. இந்தப் பொம்மையை எனக்குப் புரிய வைங்க. கையோட உள்பக்கம் மட்டும் போதும்."

அது வைத்தியருக்குச் சுலபமாக இருந்தது. தன்னைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பொம்மையின் இடது கையைத் திருப்பிப் பிடித்தார்.

"இது ரத்தக்குழாய் இல்ல, நரம்பும் இல்ல. சக்தி ஓடுற வழி. நாளம்னு சொல்வோம். கையோட உள்பக்கம் மூணு. கட்டை விரலுக்குப் போறது நுரையீரலோட வழி. நடு விரலுக்குப் போறது இதய உறையோட வழி, மணிக்கட்டு வலிக்கு நான் அதுலதான் ஊசி போடுவேன். சுண்டு விரலுக்குப் போறது இதயத்தோட வழி."

"மோதிர விரலுக்கு?"

"அதுக்கு உள்பக்கம் வழியே கிடையாது. அது புறங்கை வழியா வரும்."

துப்பறிவாளர் படத்தைப் பொம்மையின் கைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அப்ப இந்தக் கோடு ஏன் பிரியுது?"

வைத்தியர் படத்தைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படிக்க வந்த முதல் நாள் மாணவன்கூட இந்தக் கிளையைப் போடமாட்டான், இல்லையா?" என்றார் துப்பறிவாளர். "நாளம் தெரிஞ்ச கை போட்ட கோடு இல்ல இது. வலி தெரிஞ்ச கை போட்டது."

அவர் நூலில் தொங்கிய பேனாவை எடுத்துத் தன் கட்டை விரலில் ஒரு கீற்று இழுத்தார். நீலம்.

"இது எதுக்கு?"

வைத்தியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வலி எங்கேன்னு வாயால கேட்டா இங்கே, அங்கே, எல்லா இடத்துலயும்னு சொல்வாங்க. கோடா போடுங்கன்னா கை சரியா போடும். காத்துட்டிருக்கும்போதே போட்டு வைக்கச் சொல்வேன். ஊசி போடுற இடத்தை அடையாளம் வைக்க எனக்குப் பேனா வேண்டாம், நகமே போதும்." தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "வழக்கமா வலது மணிக்கட்டைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. அன்னிக்கு இடது கையை நீட்டினா. 'ராத்திரியிலிருந்து இந்தக் கையும் வலிக்குதும்மா, இதையும் சேர்த்துப் பார்த்துடுங்க'ன்னு சிரிச்சா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"ஏன்?"

"எனக்குத் தெரிஞ்ச பாடத்துல அது இதயத்தோட வழி. டாக்டருங்க பாடத்துலயும் இதயம் அடைக்கும்போது வலி அந்தப் பக்கமாத்தான் இறங்கும். ரெண்டு பாடமும் ஒண்ணா வந்து நிக்கிற இடம் அது. நாடியைப் பிடிச்சேன். விட்டு விட்டு அடிச்சுது. ஒரு ஊசிகூட எடுக்கல. 'இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, தனியா போகாதே, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கோ'ன்னேன். 'சரிம்மா, அவரைக் கூப்பிடுறேன்'னா. போனா."

"ஊசியே போடல. அப்புறம் எப்படி நீங்க காரணம்?" என்றான் கோந்து. இந்த முறை கேலி இல்லை.

"உள்ளே ஒருத்தர் முதுகு பூரா ஊசியோட குப்புறப் படுத்திருந்தார். அவரை விட்டுட்டுத் தெருவுக்கு வரக் கூடாதுன்னு இருந்துட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தப் பேரைக் கேட்டாலே பயந்து நெஞ்சு இன்னும் அடிச்சுக்கும்னு நினைச்சேன். அந்த நினைப்புக்கு என்ன பேரு தம்பி? கொலைன்னு சொல்ல வேண்டாம்னா வேற பேரு சொல்லுங்க."

துப்பறிவாளர் கையிலிருந்த பேனாவை விட்டார்.

"இதையெல்லாம் போலீஸ்ல சொன்னீங்களா?"

"'நான்தான் காரணம்'னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல அவங்க கேக்கல. நானும் சொல்லல. அங்கே அவ வீட்டுக்காரப் பையன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு யாராவது ஒருத்தர் வேணும் போலிருந்துச்சு. நானே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

வாசல் வரை வந்த வைத்தியர் கோந்தின் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் கூசினான்.

"ராத்திரி தூங்குறதே இல்லையா தம்பி?"

"தூங்கினா பாஸ் போன் பண்றாங்கம்மா. அதுக்கு ஏதாவது புள்ளி இருந்தா அவங்களுக்குப் போடுங்க."

துப்பறிவாளர் தெருவில் இறங்கி நின்றார். வைத்தியசாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தம். மேலே மரம், கீழே பெஞ்சு, பெஞ்சு முழுக்க நிழல். எதிர்ப்பக்கம் இன்னொரு நிறுத்தம். அங்கே பெஞ்சு மொட்டை வெயிலில் காய்ந்தது. அந்தப் பெண் சாய்ந்து கிடந்தது அங்கேதான்.

"தலை சுத்தியிருக்கும், போய் உட்கார்ந்திருப்பாங்க" என்றான் கோந்து.

"தலை சுத்தினவங்க நிழலை விட்டுட்டு, இவ்வளவு வண்டி ஓடுற ரோட்டைத் தாண்டி, வெயில்ல போய் உட்காருவாங்களா?"

அவன் இரண்டு நிறுத்தங்களின் பலகைகளையும் படித்தான். இந்தப் பக்கம் வரும் பஸ்கள் அவர்கள் குடியிருப்புக்குப் போகின்றன. அந்தப் பக்கம் வருபவை பெரிய ஆஸ்பத்திரிக்கு.

"வீட்டுக்குப் போகல" என்றான். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்காங்க."

"சொன்னதைக் கேட்டிருக்காங்க. முதல் பாதியை. வீட்டுக்காரரைக் கூப்பிடுன்னு சொன்னது ரெண்டாவது பாதி."

"போன்ல சார்ஜ் இல்லையே பாஸ்."

"சார்ஜ் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

எதிர்ப்பக்க பெஞ்சுக்குப் பின்னால் ஒரு சாவி வெட்டும் கடை இருந்தது. கடை என்று சொன்னால் கடைக்குக் கோபம் வரும். ஒரு தகரப் பெட்டி, ஒரு இயந்திரம், கம்பியில் கோத்த வெற்றுச் சாவிகள், ஒரு ஆள். ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் பித்தளைத் தூள்.

துப்பறிவாளர் படத்தைக் காட்டவில்லை. பெஞ்சைக் காட்டினார். மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி என்றார். சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"நீங்க அவங்க வீட்டு ஆளுங்களா?"

"இல்ல."

"அவரு வரலியா?"

"யாரு?"

"அவங்க வீட்டுக்காரரு. என்னைக்காவது வருவாரு, இங்கே நின்னு பார்ப்பாரு, அப்பச் சொல்லிடலாம்னு இருக்கேன். ஆஸ்பத்திரியில போய் விசாரிக்கவும் எனக்குத் தைரியம் இல்ல." துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "என்னாலதான் மேடம் எல்லாம். நான் விட்டிருக்கக் கூடாது."

கோந்து துப்பறிவாளரின் காதருகே குனிந்தான். "ஒரு சாவு, ரெண்டு பேர் தானா வந்து ஒத்துக்கிறாங்க. இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள நானும் ஒத்துக்குவேன் பாஸ்."

"சும்மா இரு." துப்பறிவாளர் சாவிக்காரரிடம் திரும்பினார். "போன் கேட்டாங்களா?"

சாவிக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டாங்க. தன் போனு செத்துப் போச்சு, ஒரே ஒரு கால்னாங்க. முகமெல்லாம் வேர்வை. வெயிலுன்னு நினைச்சேன். கொடுத்தேன். நம்பரை அவங்களே அடிச்சாங்க."

"அந்த நம்பர் இருக்கா?"

"அழிக்கல. அழிக்க மனசு வரல."

அவர் போனில் விரலால் கீழே கீழே தள்ளினார். நின்றார். நீட்டினார். கோந்து சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசி எண் வரை வந்தான். கார்டை மறுபடி பையில் வைத்தான். அவன் ஒன்றும் சொல்லாததே துப்பறிவாளருக்குப் போதுமாக இருந்தது.

"எடுத்தாங்களா அந்தப் பக்கம்?"

"எடுத்தாரு. இவங்க, 'நான்தாங்க, ஒரு மாதிரியா இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க'ன்னாங்க. அப்புறம் கேட்டுட்டிருந்தாங்க. அப்புறம் 'சரி, சரிங்க'ன்னாங்க. அவ்வளவுதான். லைன் போயிடுச்சு, எனக்கே தெரிஞ்சுது, வெளிச்சம் அணைஞ்சிடுச்சு. ஆனா போனைக் காதை விட்டு எடுக்காம கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தாங்க."

"அப்புறம்?"

"எனக்கு மனசு கேக்கல. 'வண்டி இருக்கும்மா, நான் கொண்டு விடட்டுமா?'ன்னேன். அதுக்கு ஒண்ணு சொன்னாங்க. நானும் நம்பி உள்ளே போயிட்டேன். ஒருத்தருக்கு அவசரமா ரெண்டு சாவி. வெட்டிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பெஞ்சுல சாய்ஞ்சிருக்காங்க. தூங்குறாங்கன்னு…" அவர் கையைத் துணியில் மறுபடி துடைத்தார்.

"என்ன சொன்னாங்க?"

சாவிக்காரர் தலையை ஆட்டினார்.

"அது அவருக்கு உள்ளது மேடம். அவர்கிட்டதான் சொல்லணும். கேட்டா அவருக்கு ஒரு ஆறுதலா இருக்கும்."

துப்பறிவாளர் அந்தக் கடைசிச் சொல்லை மனத்துக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "கடையை மூடிட்டு வர முடியுமா?" என்றார்.

சாவிக்காரர் அதற்கு முன்பே தகரக் கதவில் கை வைத்திருந்தார்.

கண்ணாடிக் கடையின் சுவர் முழுவதும் முகமில்லாத ஃப்ரேம்கள். ஒரு பக்கம் எழுத்துப் பலகை. பெரிய எழுத்து மேலே, கீழே போகப் போகப் பொடி. அதற்கு எதிரே பரிசோதனை நாற்காலி. கண்ணாடிக் கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் விசாரணைக்குத் தயாராக இருந்தார். கோந்தும் சாவிக்காரரும் வெளியே நின்றார்கள். துப்பறிவாளர் மட்டும் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததைக் கண்ணாடிக் கடைக்காரர் கவனிக்கவில்லை. துப்பறிவாளர் நின்றே கேட்பவர் என்பது கடைக்காரருக்குத் தெரியாது.

"ஆதாரம் கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சுது. அதுக்கு முன்னாடி என் கண்ணைப் பாருங்க."

"இப்பவா?"

"அஞ்சு நிமிஷம்."

பழகிய கை. யோசிக்காமல் வேலையைச் செய்தது. அவர் காலி ஃப்ரேமைத் துப்பறிவாளரின் மூக்கில் மாட்டினார். ஒரு வில்லையைப் போட்டார். எடுத்து இன்னொன்றைப் போட்டார்.

"எது தெளிவா இருக்கு? முதல்லயா, ரெண்டாவதா?"

"நான் ரெண்டு கதை சொல்றேன். நீங்க சொல்லுங்க எது தெளிவா இருக்குன்னு" என்றார் துப்பறிவாளர். "முதலாவது. வலது மணிக்கட்டு வலிக்குப் போன பொண்ணுக்கு, வைத்தியர் இடது கையில தப்பா ஒரு கோடு போட்டு, ஊசி குத்தி, கொன்னுட்டார்."

கண்ணாடிக் கடைக்காரர் வில்லையைப் பிடித்தபடி நின்றார்.

"ரெண்டாவது. அந்தப் பொண்ணு தன் வலியைத் தானே கோடா போட்டாங்க. வைத்தியர் அதைப் பார்த்ததும் ஊசியையே எடுக்கல, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவங்க ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு உட்கார்ந்தாங்க. பின்னாடி கடையில போன் வாங்கி ஒருத்தரைக் கூப்பிட்டாங்க. அவர் எடுத்தார்."

வில்லை பெட்டிக்குள் போகும் சத்தம் கேட்டது.

"எது தெளிவா இருக்கு?"

அவர் பெட்டியை மூடினார். பிறகு சொன்ன குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. காலையில் ரொட்டியைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

"இந்த நாற்காலியில ஒரு அம்மா இருந்தாங்க. மூக்குல இதே ஃப்ரேம். தெரியாத நம்பர். எடுத்தேன். அவ. 'ஒரு மாதிரியா இருக்கு'ன்னா. என் கையில ரெண்டு வில்லை. 'கஸ்டமர் இருக்காங்க, பஸ் பிடிச்சுப் போ, அப்புறம் பேசுறேன்'னேன். 'சரி, சரிங்க'ன்னா. வச்சுட்டேன். எது தெளிவா இருக்குன்னு அந்த அம்மாகிட்ட கேட்டேன். ரெண்டாவதுன்னாங்க."

"பஸ் பிடிக்கத்தான் உட்கார்ந்தாங்க" என்றார் துப்பறிவாளர்.

"நான் சொன்னதை எப்பவும் கேப்பா."

வெளியே கோந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவனுடைய குரல் நின்றது.

"காலையில உங்க வீட்டு நடப்பைச் சொன்னீங்க" என்றார் துப்பறிவாளர். "டீ, ரொட்டி, இஸ்திரி. எல்லா வீட்டுலயும் நடக்கிறது. ஒரே ஒரு இடத்துல மட்டும் எந்தப் பக்கம்னு குறிப்பிட்டுச் சொன்னீங்க. பையை வலது தோள்ல மாட்டினாங்கன்னு. வலது மணிக்கட்டு வலிக்கிறவங்க பையை இடது தோள்லதான் மாட்டுவாங்க."

"எப்பவும் இடதுலதான் மாட்டுவா."

"அன்னிக்கு இடது தாங்கல. நீங்க பார்த்தீங்க. கவனிக்காதவருக்கு அது ஞாபகம் இருக்காது."

"கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு" என்றார். "கடை திறக்க நேரமாச்சு."

துப்பறிவாளர் மூக்கிலிருந்த ஃப்ரேமைக் கழற்றி அவரிடம் கொடுத்தார்.

"நீங்க என்னைத் தேடி வந்தது குற்றவாளியைக் கண்டுபிடிக்க இல்ல. உங்களைத் தவிர வேற ஒருத்தரைக் கண்டுபிடிக்க. அந்த வைத்தியரும் தலையைக் கொடுத்துட்டாங்க. இப்ப மணி மூணு தாண்டிடுச்சு. நாலு மணிக்கு என்ன சொல்லப் போறீங்க?"

கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றினார். மேஜை மேலிருந்த துணியால் துடைத்தார். இரண்டு பக்கமும், ஓரங்களையும். மூன்று வாரத்தில் முதல் முறையாக இருக்கலாம். மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"அவங்க ஊசி போடலைன்னு சொல்றேன். கோடு அவ போட்டதுன்னு சொல்றேன்." சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். "போன் வந்ததையும் சொல்றேன். சொல்லாம அவ ஏன் அந்த பெஞ்சுல இருந்தான்னு விளக்க முடியாது."

"முடியாது."

"ஒண்ணு மட்டும் கேக்கிறேன். நான் வச்சதுக்கு அப்புறம் அவ ஏதாவது சொன்னாளா? யாராவது பக்கத்துல இருந்தாங்களா? திட்டினாளா?" அவர் துப்பறிவாளரைப் பார்க்காமல் கேட்டார். "திட்டியிருந்தா நல்லா இருக்கும்."

கதவு திறந்தது. கோந்து தலையை மட்டும் நீட்டினான்.

"பாஸ், ஒரு நிமிஷம். அவர் என்கிட்ட சொல்லிட்டார். அதைக் கேட்டுட்டேன். நம்ம வேலை முடிஞ்சுது, அவரைக் கூட்டிட்டுக் கிளம்பிடலாம்."

"கேக்கிறது நாம இல்ல" என்றார் துப்பறிவாளர்.

"வேண்டாம் பாஸ்."

"உள்ளே வரச் சொல்லு."

சாவிக்காரர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் இவர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. நேராகப் போய் அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். பித்தளைத் தூள் வெள்ளைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டியில் ஒட்டியது.

"உங்களைத்தான் சார் எதிர்பார்த்துட்டிருந்தேன். அன்னிக்கு வழியில நெரிசல்ல மாட்டிக்கிட்டீங்களா?"

கண்ணாடிக் கடைக்காரர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். சாவிக்காரர் விடவில்லை.

"பரவாயில்ல சார், நம்ம கையில என்ன இருக்கு. ஆனா இதை நீங்க கேக்கணும். அவங்க கடைசி நிமிஷத்துலயும் உங்களை எவ்வளவு நம்பியிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியணும். நான் கொண்டு விடுறேன்னு சொன்னேன் இல்ல, போனைத் தன் துணியால துடைச்சுக் கொடுத்தாங்க. சிரிச்சாங்க."

கோந்து எழுத்துப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழ் வரியைப் படிப்பவன்போல் நின்றான்.

"என்ன சொன்னா?" என்றார் கணவர்.

சாவிக்காரர் சொன்னார். அவள் சொன்ன மாதிரியே, மெதுவாக.

"'வேண்டாம்ணா. எங்க வீட்டுக்காரர் கிளம்பிட்டாரு. நீங்க கடையைப் பாருங்க.'"